மேஸ்திரி எங்கே படுப்பான்?

ஆவடி,
16.6.2025

மதிப்பிற்குரிய யுவராணி அவர்களுக்கு,

நேற்று மாலை என் அக்கா சரசாவோடு மேனாம்பேட்டுக்கு வந்து, உங்கள் வீட்டில் ஏழு வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்து வந்த பரந்தாமன் எழுதுகிறேன். நாற்பத்து நான்கு வயதில் பெண் பார்க்க வந்தவன் கொஞ்சம் தைரியமாகப் பேசியிருக்கலாம். "பதிலை எழுதி அனுப்புங்க, போன்ல வேணாம்" என்று வாசல்வரை வந்து சொன்னீர்கள். அதனால் இந்தக் கடிதம்.

முதலில் அக்கா பேசியதற்கு மன்னிக்கவும். வீட்டைச் சுற்றிப் பார்க்கிறேன் என்று அவள் உங்கள் படுக்கையறைக் கதவைத் திறந்திருக்கக் கூடாது. திறந்தாலும், தலையணையில் தலைவைத்துப் போர்வை போர்த்திப் படுத்திருந்த உங்கள் நாயைப் பார்த்து, "இன்னாம்மா இது! மாப்பிள்ளை படுக்க வேண்டிய எடத்துல வேற ஒருத்தரு படுத்துகினு கீறாரு!" என்று மூன்று மாடிக்கும் கேட்கும்படி கத்தியிருக்கக் கூடாது. நீங்கள் மட்டும் அசரவில்லை. "ஆறு வருஷமா மேஸ்திரி அங்கதான் படுக்கிறான். கல்யாணத்துக்கு அப்புறமும் அங்கதான் படுப்பான். உங்களுக்குச் சம்மதமா?" என்று என்னைப் பார்த்தே கேட்டீர்கள்.

பதில்: நாய் வீட்டில் இருக்கலாம். கட்டிலில் கூடாது. காரணம் மூன்று. முடி உதிரும். தெருவில் திரிந்த கால் சுத்தமாக இருக்காது. எனக்கு முதல் ஷிப்ட், ஐந்து மணிக்கு எழவேண்டும், நடுவில் தூக்கம் கெட்டால் லேத் முன்னால் நிற்க முடியாது.

மற்றபடி உங்களை எனக்குப் பிடித்திருக்கிறது. இதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அக்கா ஆவணி பன்னிரண்டு என்று நாள்கூடப் பார்த்துவிட்டாள்.

இப்படிக்கு,
பரந்தாமன்

மேனாம்பேடு,
20.6.2025

பரந்தாமன் அவர்களுக்கு,

ஏழு பஜ்ஜி இல்லை, ஒன்பது. எண்ணிப் போட்டவள் நான்.

எழுதித்தான் தரவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. நான்கு வருடம் முன்னால் ஒருவர் வந்தார். கல்யாணத்துக்குப் பிறகும் நான் வேலைக்குப் போகலாம் என்று தினம் போனில் சொன்னார். நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள், "நான் எப்போ அப்படிச் சொன்னேன்?" என்றார். அன்றோடு போன் பேச்சை நம்புவதை விட்டேன். இனி எந்த நிபந்தனையும் பேப்பரில், கையெழுத்தோடு.

உங்கள் மூன்று காரணத்தையும் படித்தேன். முடி உதிர்வது உங்களுக்கும்தான், பார்த்தேன். கால் சுத்தம் பற்றி: தினமும் இரண்டு வேளை துடைத்துவிடுகிறேன், எந்த வீட்டு மாப்பிள்ளைக்கும் இந்த மரியாதை கிடைக்காது. தூக்கம் கெடும் என்பதைப் படுத்துப் பார்க்காமலே எப்படி எழுதினீர்கள்?

மேஸ்திரி தெருவில் திரிகிற நாய் இல்லை. எங்கள் அடுக்கு வீட்டின் மேல் மாடியைக் கட்டும்போது மணல் மேட்டில் பிறந்தவன். கொத்தனார்கள் வேலை முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பான். அவர்கள் வைத்த பெயர் அது. அவனுக்குத் தரையில் படுக்கவே தெரியாது. கட்டில் இல்லை என்றால் இரவெல்லாம் அழுவான். ஆகவே அவன் படுக்கும் இடம் மாறாது.

ஜூலை ஒன்றாம் தேதி என் கம்பெனி என்னைப் புது மெஷின் பயிற்சிக்கு ஓசூருக்கு அனுப்புகிறது, ஆறு வாரம். வழக்கமாக மேஸ்திரியைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு சபீனா, தங்கை பிரசவத்துக்காக வாணியம்பாடி போகிறாள். அவனுக்கு இடம் தேடும் கவலையில் இருக்கிறேன். எனவே நம் பேச்சை இத்துடன் முடித்துக்கொள்ளலாம். அக்காவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்தக் கதவை இனி பூட்டி வைப்பேன் என்றும் சொல்லுங்கள்.

யுவராணி

ஆவடி,
24.6.2025

மதிப்பிற்குரிய யுவராணி அவர்களுக்கு,

படுத்துப் பார்க்காமல் எப்படி எழுதினீர்கள் என்று கேட்டது என்னைச் சுட்டுவிட்டது. எங்கள் செக்‌ஷனில் புது மெஷின் வந்தால், யார் என்ன சொன்னாலும், டிரையல் ஓட்டாமல் கையெழுத்துப் போடமாட்டோம். இருபத்திரண்டு வருடமாக அதைச் செய்பவன், ஒரு நாய் விஷயத்தில் டிரையல் இல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தப்பு என்னுடையது.

மேஸ்திரியை என்னிடம் விடுங்கள். ஆறு வாரம் என் குவார்ட்டர்ஸில் இருக்கட்டும், என் கட்டிலிலேயே படுக்கட்டும். தூங்க முடிகிறதா என்று பார்த்து உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். முடிந்தால் ஆவணி பன்னிரண்டு. முடியாவிட்டால் நீங்கள் சொன்னதுபோலவே முடித்துக்கொள்ளலாம்.

அக்கா இதைக் கேட்டுவிட்டு, "பொண்ணு வர்றதுக்கு முன்னாடி சீரு வருதா?" என்றாள்.

பரந்தாமன்

ஓசூர்,
3.7.2025

பரந்தாமன் அவர்களுக்கு,

உங்கள் வாசலில் அவனை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தது அழக்கூடாது என்பதற்காக. கோபம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

காலையில் தயிர்சாதம், இரவில் ஒரு முட்டை. குக்கர் விசில் மூன்றைத் தாண்டினால் குரைப்பான். அடுப்பை அணைத்துவிடுங்கள், பருப்பு குழைந்துவிட்டது என்று அர்த்தம். இதுவரை அவன் கணக்குத் தப்பியதில்லை. சுவர் பூசுகிற இடத்தைக் கண்டால் நகரமாட்டான், இழுக்காதீர்கள், பத்து நிமிடம் பார்க்க விடுங்கள். ஒன்பது மணிக்கு மெத்தையைத் தட்டினால் ஏறிவிடுவான். சுவர்ப் பக்கம் அவனுக்கு.

பயிற்சி பரவாயில்லை. ஹாஸ்டலில்தான் இரண்டு ராத்திரியாகத் தூக்கம் இல்லை. ஃபேன் சரியில்லை என்று நினைக்கிறேன். போனில், சாப்பிட்டானா என்று மட்டும் கேட்பேன். மற்றதெல்லாம் கடிதத்தில்.

யுவராணி

ஆவடி,
8.7.2025

அன்புள்ள யுவராணி அவர்களுக்கு,

இங்கே நான் நலம், மேஸ்திரி என்னைவிட நலம். அவமானம் எனக்குத்தான்.

அவன் வருகிறான் என்று புது மெத்தை விரிப்பு வாங்கினேன். சுவர்ப் பக்கத்தைக் காலி செய்து, ஒன்பது மணிக்கு மெத்தையைத் தட்டினேன். என்னை மேலும் கீழும் பார்த்தான். பிஸ்கட்டை மெத்தைமேல் வைத்தேன். முன்னங்கால் இரண்டையும் கட்டிலில் ஊன்றி, கழுத்தை நீட்டி பிஸ்கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். தூக்கிப் படுக்கவைத்தேன். பதினெட்டுக் கிலோ, ரேஷன் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். நான் விளக்கை அணைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கட்டில் காலி. பின்கட்டுக் குளியலறை வாசலில், குளிர்ந்த மொசைக் தரையில், நான்கு காலையும் நீட்டிக் குறட்டை விடுகிறான்.

ஏழு இரவும் இதே கதை. அக்கா நூம்பலிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "நாய்க்கே உன்ன புடிக்கலியே நைனா, பொண்ணுக்கு எப்பட்றா புடிக்கும்?" என்று கேட்டுவிட்டு என் முட்டைக் குழம்பையும் குறை சொல்லிவிட்டுப் போனாள்.

பகலில் நாங்கள் சிநேகிதம்தான். பக்கத்து பிளாக்கில் வெள்ளையடிக்கிறார்கள். நான் ஷிப்ட் முடிந்து வரும்வரை அங்கே உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறான். பெயின்டர்கள் டீ குடிக்கும்போது அவனுக்கும் ஒரு பொறை வாங்கித் தருகிறார்கள். ராத்திரி கட்டில் என்றதும் அந்நியனாகிவிடுகிறான். என்னிடம் என்ன குறை என்று நீங்களாவது சொல்லுங்கள்.

பரந்தாமன்

ஓசூர்,
12.7.2025

பரந்தாமன் அவர்களுக்கு,

குறை உங்களிடம் இல்லை, உங்கள் புது விரிப்பில். கடை வாசனை போகாத துணியில் யார் படுப்பார்கள்? நான் இங்கே கொண்டுவந்த பழைய போர்வையைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். துவைக்காதீர்கள். அதைக் கட்டிலில் விரித்தால் அடுத்த நிமிடம் ஏறுவான்.

அவன் தரையில் படுப்பது துக்கத்தால். என்னை நினைத்து வாடுகிறான். மெலிந்துவிட்டானா?

இங்கே ஃபேன் மாற்றிக் கொடுத்தார்கள். தூக்கம் இன்னும் வரவில்லை. கொசு இருக்குமோ என்னமோ.

யுவராணி

ஆவடி,
19.7.2025

அன்புள்ள யுவராணி அவர்களுக்கு,

மேஸ்திரி மெலியவில்லை. நேற்று நிறுத்துப் பார்த்தேன், அறுநூறு கிராம் கூடியிருக்கிறான்.

உங்கள் போர்வை வந்தது. கட்டிலில் விரித்தேன். முகர்ந்தான், வால் ஆடியது, எனக்கும் சந்தோஷமாக இருந்தது. பிறகு வாயால் கவ்வி இழுத்துக் குளியலறை வாசல்வரை கொண்டுபோய், காலால் சரிசெய்து, அதன்மேல் படுத்துவிட்டான். பதினெட்டு இரவாக நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். பதினெட்டும் தரை. ஒருநாள்கூட அழவில்லை.

நேற்று சபீனா வாணியம்பாடியிலிருந்து நாயை விசாரிக்கப் போன் செய்தார். மேஸ்திரி உங்கள் வீட்டில் கட்டிலில் எப்படி ஏறுவான் என்று கேட்டேன். "அது எங்கண்ணா ஏறும்? அக்காதான் தெனம் தூக்கி மேல போடும். அப்பால முதுகு வலிக்குதுன்னு எங்கிட்ட வந்து தைலம் கேக்கும்" என்று சிரித்தார்.

ஆகவே டிரையல் ரிப்போர்ட் இதுதான். நாய்க்குக் கட்டில் தேவையில்லை. உங்களுக்குத்தான் கட்டிலில் நாய் தேவை. ஓசூரில் உங்களுக்குத் தூக்கம் வராததற்கும் ஃபேனோ கொசுவோ காரணம் இல்லை. சரிதானா என்று தெரியப்படுத்தவும்.

பரந்தாமன்

ஓசூர்,
23.7.2025

பரந்தாமன்,

நான் உங்களிடம் நாயைத்தான் விட்டுவந்தேன். என்னை ஆராய்ச்சி செய்யச் சொல்லவில்லை. சபீனாவைக் கூப்பிட்டு விசாரணை நடத்த நீங்கள் யார்? எந்த மெஷினில் என்ன பழுது என்று எழுதி மாட்டுவதுபோல் என்னைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

ஆகஸ்ட் பதினாறாம் தேதி வந்து அவனை அழைத்துக்கொள்வேன். அதுவரை முட்டை போடுங்கள். ஆவணி பன்னிரண்டை வேறு யாருக்காவது வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

யுவராணி

ஆவடி,
27.7.2025

அன்புள்ள யுவராணிக்கு,

உங்கள் கடிதத்தை நேற்று ஷிப்ட் முடிந்து தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடியே படித்தேன். நீங்கள் திட்டியது நியாயம். எனக்குத் தெரிந்த ஒரே மொழி ரிப்போர்ட் மொழி, அதில் போய் ஒரு பெண்ணின் மனதை எழுதிவிட்டேன்.

ஆனால் நியாயம் என்றால் இரண்டு பக்கமும் இருக்கவேண்டும். உங்களைப் பற்றி எழுதியவன் என்னைப் பற்றியும் எழுதவேண்டும். இதை இதுவரை யாருக்கும் எழுதியதில்லை.

முதல் கடிதத்தில் மூன்று காரணம் கொடுத்தேன். நான்காவது ஒன்று இருந்தது, அதுதான் உண்மையான காரணம். நான் தூக்கத்தில் பேசுவேன். ஏதோ முனகுவேன் என்று நினைக்கவேண்டாம், முழு வாக்கியமாக, சத்தமாகப் பேசுவேன். "அடுத்த பீஸை எடு" என்பேன். அளவு சொல்வேன். யாரையோ கூப்பிட்டு ஊர் விஷயம் கேட்பேன். அக்கா வந்து தங்கும்போதெல்லாம் ராத்திரி இரண்டு தடவை டீ கேட்கிறேனாம். ஐ.டி.ஐ. ஹாஸ்டலில் பசங்க கூடி உட்கார்ந்து கேட்டுச் சிரிப்பார்கள். அண்ணன் தம்பி ஐந்து பேரும் ஒரே அறையில் படுத்த காலத்தில், என் பாய் மட்டும் வராந்தாவுக்குப் போனது. இருபத்தொன்பது வயதில் ஒரு சம்பந்தம் ஏறக்குறைய முடிந்திருந்தது. பையனுக்கு ஏதோ பேய் பிடித்திருக்கிறது, ராத்திரியில் பேசுகிறான் என்று யாரோ சொல்லி நின்றுபோனது. அதற்குப் பிறகு நானே பெண் பார்ப்பதைத் தள்ளிப்போட்டேன். ஊர் வாயைவிட, பக்கத்தில் படுத்திருப்பவள் விழித்துக்கொண்டு என்னையே பார்க்கிற அந்த ஒரு நிமிடம்தான் எனக்குப் பயம்.

அன்று உங்கள் கட்டிலில் மேஸ்திரியைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். உண்மையாகவே சந்தோஷம். நாய் கூடாது என்று நான் சொல்வேன், நீங்கள் விடமாட்டீர்கள், சரி நீங்கள் இருவரும் அறையில் படுங்கள், நான் ஹாலில் படுக்கிறேன் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிடலாம், வாழ்நாள் முழுவதும் யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டேன். ஒரு நாயை முன்னால் நிறுத்திவிட்டு நான் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

இங்கே வந்த முதல் ராத்திரி நான் என்ன பேசினேனோ, கண் விழித்தபோது மேஸ்திரி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து என்னையே கேட்டுக்கொண்டிருந்தான். வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த நாளிலிருந்து அவன் எழுந்து வருவதில்லை, பழகிவிட்டான். நாய் பழகிவிட்டது என்பதற்காக ஒரு பெண்ணும் பழகவேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

பதினாறாம் தேதி அவனைக் குளிப்பாட்டி வைத்திருப்பேன். அக்காவிடம் ஆவணி பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல மனம் வரவில்லை, யுவராணி.

பரந்தாமன்

ஓசூர்,
2.8.2025

அன்புள்ள பரந்தாமனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அறையில் தனியாகச் சத்தம்போட்டுச் சிரித்தேன். பக்கத்து அறைப் பெண் ரேஷ்மா கதவைத் தட்டி, "என்னாச்சுக்கா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள். "ரொம்ப நல்லா இருக்கேன்" என்றேன். சொன்ன பிறகுதான் அது நிஜம் என்று தெரிந்தது.

உங்கள் ரிப்போர்ட் சரி. மேஸ்திரிக்குக் கட்டில் பிடிக்காது. பெண் பார்க்க நீங்கள் வந்த அன்றுகூட, வயிறு முட்டத் தயிர்சாதம் போட்டு, தூங்கி விழுகிறவனைத் தூக்கி மேலே கிடத்திப் போர்வையும் போர்த்திவிட்டவள் நான்தான். அக்கா கதவைத் திறக்காவிட்டால் நானே திறந்திருப்பேன். நாயைக் காட்டிக் கேட்டுவிட்டால், என்னைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்காது என்று நினைத்தேன். நீங்கள் பின்னால் ஒளிந்த அதே நாய்க்குப் பின்னால் நான் ஆறு வருடமாக ஒளிந்திருக்கிறேன். பாவம், ஒருவன் எத்தனை பேரைத்தான் மறைப்பான்!

அம்மா போன பிறகு வந்த முதல் வாரம் நான் தூங்கவே இல்லை. அம்மாவுக்கு இழுப்பு. ராத்திரி முழுவதும் அவள் மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். அது நின்றபோது வீடு அப்படியே உறைந்துவிட்டது. ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பேன். எட்டாம் நாள் கீழே போய் மணல் மேட்டிலிருந்து ஒரு குட்டியைத் தூக்கிவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டேன். ஏதோ ஒன்று மூச்சுவிட்டது. தூங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் தூக்கிப் போடுகிறேன். அவன் நல்லவன். எனக்குக் கண் அசரும்வரை பொறுத்திருந்துவிட்டு ஓசைப்படாமல் இறங்கிப் போய்விடுவான். நடுவில் விழிப்பு வந்தால் மறுபடி எழுந்து போய்த் தூக்கி வருவேன். அரைத் தூக்கத்தில் அவன் விடும் பெருமூச்சை நீங்கள் கேட்கவேண்டும். முப்பத்தொன்பது வயதுப் பெண், கம்பெனியில் பன்னிரண்டு பேருக்கு லைன் லீடர், ராத்திரி தனியாகப் படுக்கப் பயப்படுகிறாள் என்று யாரிடம் சொல்வது? நாய்க்குத்தான் பயம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் அதைக் கண்டுபிடித்து எழுதியபோது கோபம் வந்தது உண்மை. அன்று ராத்திரி முழுவதும் உங்களைத் திட்டினேன். விடியும்போது, இவ்வளவு கவனமாக என்னை யாரும் பார்த்ததில்லையே என்றும் தோன்றியது. அதற்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் திட்டினேன்.

இனி மேஸ்திரி அவன் விருப்பப்படி படுக்கட்டும். ஆறு வருடம் எனக்காக மெத்தையில் கிடந்தவன், இனியாவது மொசைக்கில் காலை நீட்டட்டும். அந்தப் போர்வை அவனுக்கே. உங்கள் புது விரிப்பைத் துவைத்து வையுங்கள். ஹாலில் படுக்கிற பேச்சையே எடுக்காதீர்கள், அங்கே படுத்தால் நான் வந்து தூக்கிப் போடவேண்டியிருக்கும், நீங்கள் எழுபது கிலோவாவது இருப்பீர்கள்.

ஆவணி பன்னிரண்டு அப்படியே இருக்கட்டும். அக்காவிடம் இன்றைக்கே சொல்லுங்கள், தெருவுக்கே கேட்கும்படி சொல்லட்டும்.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. தூக்கத்தில் பேசுவேன் என்று எழுதிவிட்டு, ஏதோ பெரிய குற்றம்போல் ஒரு பக்கம் முழுக்க மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். யாரிடம்? ஒரு மூச்சுச் சத்தம் கேட்பதற்காக ஆறு வருடம் ராத்திரிதோறும் பதினெட்டுக் கிலோவைத் தூக்கியவளிடம்! நீங்கள் அளவு சொல்லுங்கள், பீஸை எடுக்கச் சொல்லுங்கள், ஊர் விஷயம் எல்லாம் கேளுங்கள். டீ மட்டும் போட்டுத் தரமாட்டேன். மற்ற எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன்.

யுவராணி